இனிஷியலுக்கு முன்னால் என்ன இருந்தது?

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "மகளுக்குப் பாஸ்போர்ட் படிவம் நிரப்பும்போது, குடும்பப்பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு பெயரே கிடையாது. இனிஷியல் என்பதே வெள்ளைக்காரன் கொடுத்தது, அதற்கு முன் நமக்கெல்லாம் ஒற்றைப் பெயர்தான் என்கிறார்கள். உண்மையா? அப்படியானால் ஊரில் ஆளுக்கொன்று இருக்கும் பட்டப்பெயர்கள் எங்கிருந்து வந்தன?"

இரண்டும் ஒரே கேள்விதான். ஒரே விடையில் அடங்கும் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

இனிஷியலில் இருக்கும் புள்ளி வெள்ளைக்காரன் காலத்தது. அவன் அரசாங்கக் கச்சேரியிலும் (அலுவலகத்திலும்) பள்ளிக்கூடப் பதிவேட்டிலும் நீளமான பெயர்களைச் சுருக்கி எழுதியபோது வந்தது. ஆனால் அந்தப் புள்ளி உட்கார்ந்திருக்கும் இடம், அதாவது ஒருவருடைய சொந்தப் பெயருக்கு முன்னால் இருக்கும் இடம், நம்முடையது. அதில் ஊர் உட்கார்ந்திருக்கிறது, தந்தை உட்கார்ந்திருக்கிறார், தொழில், பட்டம், உடல் அடையாளம், ஒரு பாட்டின் வரிகூட உட்கார்ந்திருக்கிறது. தமிழில் ஓர் ஆளை இன்னார் என்று காட்டுவதெல்லாம் முன்னால் வரும். அவருடைய இயற்பெயர் கடைசியில் வரும். இது பழக்கம் மட்டும் அல்ல, இலக்கணமே எழுதி வைத்த விதி. தொல்காப்பியத்தில், சொற்களைப் பற்றிய கிளவியாக்கம் என்ற இயலில் ஒரு நூற்பா: "சிறப்பின் ஆகிய பெயர்நிலைக் கிளவிக்கும் இயற்பெயர்க் கிளவி முற்படக் கிளவார்." சிறப்புப் பெயரோடு சேர்த்துச் சொல்லும்போது இயற்பெயரை முதலில் சொல்லமாட்டார்கள் என்பது பொருள். உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் 'ஏனாதி நல்லுதடன்'. ஏனாதி என்பது அரசன் கொடுத்த பட்டம், நல்லுதடன் அந்த ஆளின் பெயர். 'நல்லுதடன் ஏனாதி' என்று சொன்னால் அன்றைய காதுக்குப் பிழை.

சங்கப் புலவர்களின் பெயர்களை வரிசையாக வாசித்துப் பாருங்கள். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார்: தானிய வியாபாரி. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்: துணி வியாபாரி. உறையூர் மருத்துவன் தாமோதரனார். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்: ஊர், தந்தையின் தொழில், உறவு, பெயர். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். ஆய் அண்டிரன் என்ற வள்ளலைப் பாடியவர். உறையூர் என்பது நகரம். ஏணிச்சேரி அதற்குள் ஒரு சேரி, இன்றைய கணக்கில் தெரு. முடம் என்பது காலின் குறை. மோசி என்பது பெயர். ஒரு தபால்காரர் உறையூருக்குள் நுழைந்து, தெருவைக் கேட்டு, அங்கே மோசி என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தாலும் சரியான வாசலில் போய் நிற்கலாம்.

அந்த 'முட' என்ற சொல் இன்றைய காதுக்கு உறுத்தும். உறுத்தத்தான் வேண்டும். ஆனால் கடைசியில் வரும் 'ஆர்' விகுதியையும் சேர்த்துப் படியுங்கள். உடலின் குறையைச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் மரியாதை விகுதியும் போட்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் பட்டப்பெயர்கள் பலவற்றில் முதல் பாதி மட்டும் தங்கி, இந்த 'ஆர்' தொலைந்துபோயிற்று. யாருக்கு 'ஆர்' போடுவது, யாருக்கு 'ஆன்' போடுவது என்பதைச் சாதி தீர்மானித்த காலம் நடுவில் வந்தது. ஒரே ஊரில் ஒரு தெருக்காரர் 'பட்டாளத்தார்' ஆவார். அவரோடு அதே படையில் இருந்து திரும்பிய இன்னொரு தெருக்காரர் 'பட்டாளத்தான்' ஆவார். பட்டப்பெயர்களை ரசித்து எழுதும் பலர் இதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

தந்தை பெயருக்கு வருகிறேன். இனிஷியலின் நேரடி மூதாதை இதுதான். ஒரு மனிதனின் இயற்பெயரோடு 'தந்தை' என்ற சொல் சேர்ந்தால் எப்படித் திரியும் என்பதற்குத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் தனி விதிகள் இருக்கின்றன. ஆதன் தந்தை என்பது ஆந்தை ஆகும். பூதன் தந்தை பூந்தை ஆகும். கோப்பெருஞ்சோழனைப் பார்க்காமலே நட்புக் கொண்ட பிசிராந்தையாரின் பெயர் இப்போது பிரிந்து நிற்கும்: பிசிர் என்ற ஊரைச் சேர்ந்த, ஆதனுடைய தந்தை. பிள்ளையின் பெயரைச் சொல்லி அப்பாவைக் கூப்பிடுவது இன்றும் நம் தெருவில் நடக்கிறது. அதற்கு எதிர்த்திசையிலும் விதி உண்டு. தந்தையின் பெயருக்குப் பின் மகனின் பெயர் வந்தால் எப்படிப் புணரும் என்பதற்கு உரைகளில் வரும் உதாரணம் 'சாத்தங்கொற்றன்'. சாத்தனின் மகன் கொற்றன். 'மகன்' என்ற சொல்லே வேண்டாம். முன்னால் நிற்கும் பெயர் அப்பாவுடையது என்று கேட்பவருக்குத் தெரியும். சா. கொற்றன் என்று எழுதினால் இன்றைய வருகைப் பதிவேடு.

இதைப் புலவர் வழக்கு என்று ஒதுக்க முடியாது. கரூருக்குப் பக்கத்தில் புகழூர் மலையில், சமண முனிவருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த சேர மரபினர் தமிழிக் (தமிழின் பழைய எழுத்து) கல்வெட்டில் தங்களை எழுதியிருக்கும் முறை இது: கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன் மகன் இளங்கடுங்கோ. மூன்று தலைமுறை, மூத்தவரிலிருந்து இறங்கி வருகிறது. தானத்துக்குக் காரணமான இளவரசன் கடைசியில் நிற்கிறான். தானம் பெற்ற முனிவரும் 'யாற்றூர் செங்காயபன்' என்று ஊரோடுதான் வருகிறார். அங்கிருந்து பல நூற்றாண்டு தள்ளி வந்து தஞ்சைப் பெரிய கோயிலில் நில்லுங்கள். திருச்சுற்று மாளிகையை எடுப்பித்த ராஜராஜனின் சேனாபதி, 'கிருஷ்ணன் ராமனான மும்முடிச்சோழ பிரமமாராயன்'. பெயர் ராமன், தகப்பனார் கிருஷ்ணன், அரசன் கொடுத்த பட்டம் மும்முடிச்சோழ பிரமமாராயன். நடுவில் இருக்கும் அந்த 'ஆன' என்ற சின்னச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அதே கோயிலில் என்னை நெடுநேரம் நிற்கவைத்த வேறொரு கல்வெட்டு உண்டு. ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணிப் பெண்களை, கொண்டுவந்து தஞ்சையில் வீடு கொடுத்துக் குடியேற்றினான். எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்கம்), எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வெட்டியிருக்கிறார்கள். நக்கன் சேரமங்கை, நக்கன் எடுத்தபாதம் என்று பட்டியல் போகிறது. 'நக்கன்' என்பது சிவனின் பெயர். சேனாபதிக்குக் கிருஷ்ணன் என்று தகப்பன் பெயர் நிற்கும் அதே இடத்தில், இந்தப் பெண்களுக்குச் சிவன் பெயர் நிற்கிறது. அவர்கள் கோயிலின் மக்கள். அந்தக் கட்டத்தை நிரப்ப இறைவனே வந்தான். ஒன்பது நூற்றாண்டு கழித்து, மதுரையில் பிறந்த ஒரு பெண் மேடையேறியபோது எம்.எஸ். என்ற இரண்டு எழுத்தோடு ஏறினார். எம் என்பது மதுரை. எஸ் என்பது சண்முகவடிவு, அவரைப் பெற்ற தாயார், வீணைக் கலைஞர். தாய்வழியாகவே கலையும் வீடும் இறங்கி வந்த மரபில், தந்தை இடத்தில் தாய் நின்றார். தாயின் எழுத்தைப் போடுவதை இன்றைக்குப் புதுமை என்று பேசுகிறவர்கள், சுப்புலட்சுமியின் பெயரை ஒரு முறை விரித்து எழுதிப் பார்க்கலாம்.

பட்டப்பெயர் ஏன் தேவைப்பட்டது? கேலிக்காக அல்ல, ஆள் குழப்பம் தீர்ப்பதற்கு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். 'பேரன்' என்ற சொல்லே பெயரன், அதாவது பெயரைத் தாங்குகிறவன் என்பதிலிருந்து வந்தது. ஒரு தாத்தாவுக்கு நான்கு மகன்கள் இருந்தால், நான்கு வீட்டிலும் மூத்த பேரனுக்கு அதே பெயர். குலதெய்வத்தின் பெயரும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். ஒரு தெருவில் 'மாடசாமி' என்று கூப்பிட்டால் ஆறு தலை திரும்பும். அப்போது எதையாவது முன்னால் வைத்தாக வேண்டும்.

மன்னர்களுக்கும் இதே சிக்கல்தான். நெடுஞ்செழியன் பல பேர். எனவே ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் ஒருவன், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் இன்னொருவன். போரில் அடையாளம் கிடைக்காதவர்களை, அவர்கள் இறந்த இடத்தைக் கொண்டு பிரித்தார்கள்: குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவன். 'துஞ்சிய' என்றால் உறங்கிய; இறந்ததைச் சொல்லும் மென்மையான சொல். பிற்காலச் சோழர்களும் இதை விடவில்லை. சுந்தர சோழன் பொன்மாளிகைத் துஞ்சின தேவர். தக்கோலப் போரில் யானை மேலேயே உயிர்விட்ட ராஜாதித்தன் ஆனைமேல் துஞ்சின தேவர். நடுகல் வைப்பதுபோல, இறந்த இடத்தைப் பெயருக்கு முன்னால் நட்டார்கள். வென்றதைச் சொல்லும் 'மதுரை கொண்ட', 'கடாரம் கொண்ட' முதலியவை எல்லாருக்கும் தெரிந்தவை. எனக்குப் பிடித்தது முதலாம் குலோத்துங்கனின் பெயர்: சுங்கம் தவிர்த்த சோழன். வரியை நீக்கியதற்காக ஒரு மன்னனுக்குப் பட்டப்பெயர் கிடைத்த ஊர் இது.

புலவர்களுக்கு வந்த பட்டப்பெயர்களோ வேறு தினுசு. குறுந்தொகை 40ஆம் பாட்டைப் பாடியவரின் சொந்தப் பெயர் என்ன? தெரியவில்லை, செம்மண்ணில் பெய்த மழைநீர் போல நெஞ்சங்கள் கலந்தன என்று அவர் சொன்ன உவமையே அவருக்குப் பெயராகிவிட்டது: செம்புலப் பெயனீரார். அதற்கு அடுத்த பாட்டுக்காரர் அணிலாடு முன்றிலார். ஆட்கள் விட்டுப்போன வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுவதை அவர் பார்த்திருக்கிறார். குப்பைக் கோழியார், கல்பொரு சிறுநுரையார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று இன்னும் பலர். காக்கையைப் பாடிய நச்செள்ளையார், காக்கை பாடினியார் ஆனார். அந்த 'நச்செள்ளை'யில் முதலில் நிற்கும் 'ந'வும் ஒரு முன்னொட்டுதான். நக்கீரன், நப்பூதன், நப்பசலை, நப்பின்னை எல்லாவற்றிலும் வரும் 'ந' சிறப்பைக் குறிப்பது.

இந்த வழக்கம் செத்துவிட்டதாக நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் 'வெண்ணிற ஆடை' மூர்த்தி. ஒரு படைப்பால் அறியப்பட்டவருக்கு அந்தப் படைப்பே பெயருக்கு முன்னால் வந்து நிற்கிறது. 'நிழல்கள்' ரவி, 'தலைவாசல்' விஜய் எல்லாரும் அதே வரிசை. நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக நடித்தவர் தேங்காய் சீனிவாசன் ஆனார். அண்ணா எழுதிய நாடகத்தில் சிவாஜியாக நடித்த கணேசனைப் பெரியார் 'சிவாஜி' என்று அழைக்க, அது நிலைத்தது. இசையுலகில் தோடி ராகத்தை ஆண்டவர் தோடி சீதாராமய்யர். செம்புலப் பெயனீராருக்கும் இவர்களுக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள். பெயர் கட்டும் முறையில் ஒரு மாற்றமும் இல்லை. இதை யாரும் பள்ளியில் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் திட்டமிட்டுப் பாதுகாக்கவும் இல்லை.

இனி இனிஷியல். உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதையர், உ.வே.சா. ஆனார். காஞ்சிபுரம் நடராசன் மகன் அண்ணாதுரை, சி.என். ஆனார், காஞ்சியை அன்று ஆங்கிலத்தில் 'கான்ஜீவரம்' என்று எழுதியதால் அந்த 'சி'. மயிலாப்பூர் பொன்னுசாமி சிவஞானம், ம.பொ.சி. மூன்றையும் முடமோசியாருக்குப் பக்கத்தில் வையுங்கள்: முதலில் ஊர், பிறகு ஆளைக் காட்டும் அடையாளம், கடைசியில் பெயர். சுருக்கி எழுதும் முறைதான் புதிது. ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். தெலுங்கில் வீட்டுப்பெயர் முன்னால் வரும், ஆனால் அது தலைமுறை தலைமுறையாக மாறாது. ராதாகிருஷ்ணனின் முன்னால் நிற்கும் சர்வபள்ளி அவருடைய முன்னோரின் ஊர். தமிழில் தந்தை எழுத்து ஒரு தலைமுறையோடு இறங்கிவிடும். மகனுக்கு நான், எனக்கு என் அப்பா. இதனால்தான் நமக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று உறையவில்லை.

உறையாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உறைந்திருக்கக்கூடியது பின்னால்தான் இருந்தது: பிள்ளை, முதலியார், நாடார், ஐயர் என்று பெயருக்குப் பின் ஒட்டிய சாதிப் பட்டங்கள். இவற்றுள் சில, ஒரு காலத்தில் அரசன் தனி ஆளுக்குக் கொடுத்த பட்டமாகவோ, தலைமையைக் குறிக்கும் சொல்லாகவோ இருந்து, பின்னர் பிறப்பால் வருவதாக இறுகியவை. 'முதலி' என்றால் முதன்மையானவன் என்றே பொருள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, இந்தப் பின்னொட்டுகளைக் கைவிடவேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஈ.வெ.ராமசாமி நாயக்கர், ஈ.வெ.ராமசாமி ஆனார். அடுத்த இரண்டு மூன்று தலைமுறைக்குள் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பெயரின் வால் உதிர்ந்தது. இந்தியாவின் பல பகுதிகளில் பெயரைக் கேட்டவுடன் சாதி தெரிந்துவிடும். இங்கே பெயரிலிருந்து மட்டும் அதைப் பிடிப்பது கடினம். நம் பெயர் மரபில் நான் மிகவும் பெருமைப்படுவது இதைத்தான். பின்னால் இருந்ததை வெட்டியும் பெயர் விழாமல் நின்றதற்குக் காரணம், ஆளைத் தாங்கும் பகுதி எப்போதுமே முன்னால் இருந்தது.

கடல் தாண்டியும் இந்த முன்பகுதி போயிருக்கிறது. இலங்கைத் தமிழர் தந்தை பெயரை முன்னால் முழுமையாகவே எழுதுவது சாதாரணம். மலேசியாவில் அரசாங்க முறைப்படி இயற்பெயர் முன்னுக்குப் போய், 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' போட்டுத் தந்தை பெயர் பின்னால் வந்துவிட்டது. மலாய் மொழியில் மகன், மகள் என்பதன் சுருக்கங்கள் அவை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைப் பயண விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது, பலர் தந்தை பெயரைத் தேடி விரித்து எழுத வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டிலோ அதற்கு முந்தைய ஆண்டுதான், முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதவேண்டும் என்று அரசாணை வந்திருந்தது.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் 1938ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் ஒன்று இருக்கிறது. மடித்த இடங்களில் தாள் பிரிந்து, பின்பக்கம் துணி ஒட்டியிருக்கும். எழுதிக் கொடுத்தவர் என் கொள்ளுத்தாத்தா. ஜில்லா, தாலுகா, கிராமம், அதற்குப் பின் தகப்பனார் பெயர், 'குமாரர்' என்ற சொல், அடுத்து 'ஒத்தைமாடன் என்கிற' என்று எழுதி, அதற்கு அப்புறம்தான் அவர் பெயர். அவர் பங்காளிகளில் மூன்று பேருக்கு அதே பெயர். அதில் ஒருவருக்குத் தகப்பன் பெயரும் அதே. ஒரு பஞ்ச வருஷத்தில் ஜோடி மாட்டில் ஒன்று செத்து, மீதி ஒன்றோடு பக்கத்துக் காட்டுக்காரரிடம் இரவல் மாடு கேட்டு உழுதார். ஊர் அதையே பெயராக்கிவிட்டது. என் ஆச்சிக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் சுருங்கும். பின்னாளில் குறுந்தொகையில் 'ஓரேருழவனார்' என்ற பெயரைப் பார்த்தபோது நான் அதிர்ந்துபோனேன். ஈரம் காயுமுன் உழுது முடிக்கத் தவிக்கும் ஒற்றை ஏர்க்காரனைத் தலைவனின் மனத்துக்கு உவமை சொன்ன புலவர் அவர். ஆச்சிக்கு அதை வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்.

பத்திரத்தில் வரும் அந்த 'என்கிற' என்ற சொல், தஞ்சைக் கல்வெட்டில் வரும் 'ஆன'வின் வேலையைத்தான் செய்கிறது. சேனாபதிக்கு அரசன் கொடுத்ததை 'ஆன' போட்டுச் சேர்த்தார்கள்; என் கொள்ளுத்தாத்தாவுக்கு ஊர் கொடுத்ததை 'என்கிற' போட்டுச் சேர்த்தார்கள்.

படிவத்துக்கு வருகிறேன். குடும்பப்பெயர்க் கட்டத்தில் உங்கள் பெயரை, புள்ளி வைத்த எழுத்தாக இல்லாமல் முழுப் பெயராக எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிச் சான்றிதழிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்கும்படி இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் திருத்துவதற்கு அலைச்சல் அதிகம். வெளிநாட்டில் உங்கள் மகளை வகுப்பில் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். முதல் நாளே அவள் ஆசிரியரிடம், 'அது என் அப்பா பெயர், என் பெயர் இது' என்று சொல்லட்டும். உங்கள் மனைவியின் பெயரை அந்த இடத்தில் வைக்க விரும்பினால் அதிலும் தடுமாற வேண்டாம். மதுரை சண்முகவடிவு சுப்புலட்சுமி இருக்கிறார்.